சேரன்மாதேவி குருகுலம்: ஒரு வாக்குறுதியும் ஒரு பந்தியும்

சேரன்மாதேவி குருகுலம் என்பது விடுதலைப் போராட்ட வீரரும் எழுத்தாளருமான வ. வே. சு. ஐயர் 1922இல் திருநெல்வேலி மாவட்டத்தில் தொடங்கிய தேசியக் கல்வி நிலையமாகும். முதலில் கல்லிடைக்குறிச்சியில் தொடங்கப்பட்டு, பின்னர் தாமிரபரணிக் கரையில் உள்ள சேரன்மாதேவிக்கு மாற்றப்பட்டது. தமிழ்க் குருகுலம், பரத்துவாஜ ஆசிரமம் என்ற பெயர்களும் இதற்கு உண்டு. இங்குத் தங்கிப் படித்த மாணவர்களுள் பிராமணச் சிறுவர் இருவருக்கு மட்டும் தனியே உணவு பரிமாறப்பட்டது. அதனால் எழுந்த பூசல் 1925இல் தமிழ்நாட்டுக் காங்கிரசைப் பிளக்கும் அளவுக்கு வளர்ந்தது.

இந்நிகழ்வு பெரும்பாலும் அரசியல் வரலாற்றின் ஒரு பகுதியாகவே எழுதப்படுகிறது. பெரியார் காங்கிரசை விட்டு விலகியதற்கான காரணங்களுள் ஒன்றாகவும், பிராமணர் அல்லாதார் இயக்கத்தின் ஒரு திருப்பமாகவும் அது இடம்பெறுகிறது. அவை சரியே. எனினும் பூசல் நடந்த இடம் ஒரு பள்ளி, குற்றம் சாட்டப்பட்டவர் ஓர் ஆசிரியர், பாதிக்கப்பட்டவர்கள் மாணவர்கள். ஆசிரியர் பெற்றோருக்குக் கொடுத்த வாக்கு, பள்ளிக்கு வந்த பொதுப்பணம், ஒரே கூரையின் கீழ் வாழும் பல சாதிப் பிள்ளைகளின் மானம் ஆகிய மூன்றும் மோதும்போது ஆசிரியர் எதற்குப் பொறுப்பு என்பதே அங்கு எழுந்த கேள்வி. தமிழகத்தில் ஆசிரியத் தொழிலின் அறம் இத்தனை வெளிப்படையாக விவாதிக்கப்பட்ட நிகழ்வுகள் மிகச் சில.

பின்னணி

1920இல் ஒத்துழையாமை இயக்கம் தொடங்கியபோது, அரசுப் பள்ளிகளையும் அரசு உதவி பெறும் பள்ளிகளையும் விட்டு வெளியேறுமாறு மாணவர்களும் ஆசிரியர்களும் கேட்டுக்கொள்ளப்பட்டனர். வெளியேறியவர்கள் எங்கே படிப்பது என்ற கேள்விக்கு விடையாக நாடெங்கும் தேசியக் கல்வி நிலையங்கள் தோன்றின. அகமதாபாத்தில் குஜராத் வித்தியாபீடமும், அலிகாரில் ஜாமியா மில்லியா இசுலாமியாவும் 1920இல் தொடங்கப்பட்டன; காசி வித்தியாபீடம் 1921இல் வந்தது. அரசின் உதவித்தொகை வேண்டாம் என்பது இவற்றின் கொள்கை. ஆகவே இவை பொதுமக்களின் நன்கொடையையும் காங்கிரசின் நிதியையும் நம்பியே நடந்தன. அரசு உதவி இல்லாததால் அரசின் ஆய்வாளரும் இல்லை. அரசின் விதிகளும் இல்லை. அந்நியக் கட்டுப்பாட்டிலிருந்து கிடைத்த விடுதலையாக இது கருதப்பட்டது. ஆனால் அந்த வெற்றிடத்தில் வேறு எந்த விதி இருக்க வேண்டும் என்பதைப் பற்றித் தொடக்கத்தில் யாரும் அதிகம் கவலைப்பட்டதாகத் தெரியவில்லை.

குருகுலத்தை நிறுவியவர்

வரகனேரி வேங்கடேச சுப்பிரமணிய ஐயர் 1881இல் திருச்சிராப்பள்ளியை அடுத்த வரகனேரியில் பிறந்தவர். பாரிஸ்டர் படிப்புக்காக லண்டன் சென்று, இந்தியா ஹவுஸ் விடுதியில் சாவர்க்கர் முதலிய புரட்சியாளர்களோடு சேர்ந்தார். 1910இல் பிரிட்டிஷ் காவல்துறையின் கண்ணில் படாமல் புதுச்சேரி வந்தடைந்த அவர், ஏறத்தாழப் பத்து ஆண்டுகள் அங்கே பாரதியார், அரவிந்தர் ஆகியோரோடு அடைக்கல வாழ்வு வாழ்ந்தார். திருக்குறளை ஆங்கிலத்தில் மொழிபெயர்த்து 1916இல் வெளியிட்டார். முதல் உலகப்போர் முடிந்தபின் தமிழகம் திரும்பி ‘தேசபக்தன்’ இதழின் ஆசிரியரானார். அவ்விதழில் வந்த கட்டுரைக்காகச் சிறை சென்றபோது, பெல்லாரிச் சிறையில் கம்பராமாயணம் பற்றிய ஆங்கில ஆய்வு நூலை எழுதினார். ‘குளத்தங்கரை அரசமரம்’ என்ற கதையால் தமிழ்ச் சிறுகதை வரலாற்றிலும் அவருக்கு நிலையான இடம் உண்டு.

இவ்வளவு பன்முக அறிவு கொண்ட ஒருவர் சிறுவர்களுக்குப் பாடம் சொல்ல வந்தது அக்காலத்தில் பெரும் எதிர்பார்ப்பை உண்டாக்கியது. தமிழ் இலக்கியம், அறிவியல், உடற்பயிற்சி, கைத்தொழில் எல்லாவற்றையும் தாய்மொழி வழியே கற்பிப்பதே குருகுலத்தின் நோக்கம். ‘பாலபாரதி’ என்ற இதழையும் ஐயர் அங்கிருந்து நடத்தினார். நன்கொடைக்காக ஊர் ஊராகச் சென்றவரும் அவரே. தமிழ்நாட்டுக் காங்கிரசு கமிட்டி குருகுலத்துக்கு 10,000 ரூபாய் தர முடிவு செய்து, முதற்கட்டமாக 5,000 ரூபாய் வழங்கியது. செட்டிநாட்டுச் செல்வர்கள் உட்படப் பிராமணர் அல்லாத பலரும் நன்கொடை தந்தனர். தலைமை ஆசிரியர், நிர்வாகி, நிதி திரட்டுபவர் ஆகிய மூன்று பொறுப்புகளும் ஒருவரிடமே குவிந்திருந்தன. பிற்பாடு நடந்ததைப் புரிந்துகொள்ள இந்த அமைப்பை நினைவில் வைத்துக்கொள்வது நல்லது.

பந்தியில் நேர்ந்தது

சாதி வேறுபாடு இல்லாமல் எல்லா மாணவர்களும் ஒன்றாக உண்பதே குருகுலத்தின் பொது வழக்கம் என்று ஐயர் தரப்பு கூறியது. ஆனால் பிராமணச் சிறுவர் இருவரின் பெற்றோர், தம் பிள்ளைகள் மற்றவர்களோடு அமர்ந்து உண்ணக் கூடாது என்ற நிபந்தனையோடுதான் அவர்களைச் சேர்த்தனர். ஐயர் அதற்கு இசைந்து வாக்குக் கொடுத்திருந்தார். அதன்படி அவ்விருவருக்கும் தனி இடத்தில் உணவு தரப்பட்டது.

வேறுபாடு இவ்வளவோடு நிற்கவில்லை என்று எதிர்த்தவர்கள் கூறினர். உணவு வகையிலும், உண்ணும் இடத்திலும், பிரார்த்தனையிலும் கூட வேறுபாடு இருந்ததாகப் பெரியார் பின்னாளில் பலமுறை பேசியும் எழுதியும் உள்ளார். பிற்காலத்தில் சென்னை மாகாண முதலமைச்சரான ஓமந்தூர் இராமசாமி ரெட்டியாரின் மகன், பிராமண மாணவர்களுக்கென வைத்திருந்த பானையில் தண்ணீர் எடுத்துக் குடித்ததற்காக அடிக்கப்பட்டதே பூசலுக்கு வித்திட்டது என்ற செய்தியும் திராவிட இயக்க வரலாறுகளில் தொடர்ந்து இடம்பெறுகிறது. விவரங்களில் தரப்புகள் வேறுபட்டாலும், இரண்டு பிள்ளைகளுக்குத் தனிப் பந்தி இருந்தது என்பதை ஐயர் மறுக்கவில்லை. அதைக் காக்க வேண்டிய வாக்குறுதி என்றே அவர் விளக்கினார்.

எதிர்ப்பும் சமரச முயற்சியும்

‘தமிழ்நாடு’ இதழின் ஆசிரியரும் காங்கிரசுத் தலைவர்களுள் ஒருவருமான டாக்டர் பெ. வரதராஜுலு நாயுடு இவ்விவகாரத்தைப் பொதுவெளிக்குக் கொண்டுவந்தார். காங்கிரசுப் பணத்தில் நடக்கும் ஒரு தேசியப் பள்ளியில் பிறப்பை வைத்துப் பந்தி பிரிப்பது தேசியமா என்பது அவருடைய கேள்வி. அப்போது காங்கிரசில் முன்னணியில் இருந்த ஈ. வெ. இராமசாமியும் அதே நிலைப்பாட்டை எடுத்தார். அவர் 1924இல் வைக்கம் போராட்டத்தில் இருமுறை சிறை சென்று திரும்பியிருந்தவர். கோயிலைச் சுற்றியுள்ள தெருவில் எல்லோரும் நடக்க வேண்டும் என்று திருவிதாங்கூரில் போராடிய கட்சி, தான் பணம் கொடுக்கும் பள்ளியின் சாப்பாட்டுக் கூடத்தில் பிரிவினையைப் பொறுத்துக்கொள்வது எப்படி என்று அவர் கேட்டதில் வியப்பில்லை. ஐயரிடம் பெருமதிப்புக் கொண்டிருந்த திரு. வி. க. போன்றவர்களுக்கோ இப்பூசல் பெரும் மனவேதனையைத் தந்தது.

1925 மார்ச் மாதம் வைக்கத்துக்கு வந்த காந்தியடிகள் சென்னைக்கும் வந்தபோது விவகாரம் அவரிடம் எடுத்துச் செல்லப்பட்டது. அவர் காட்டிய வழி ஒரு நடுவழி. முன்பே சேர்ந்துவிட்ட இரு சிறுவர்களின் பெற்றோருக்குக் கொடுத்த வாக்கைக் காக்கலாம். இனிச் சேர்பவர்கள் பொதுப்பந்திக்கு இசைந்தால் மட்டுமே சேர்க்க வேண்டும் என்பது அதன் சாரம். ஐயர் இதை ஏற்கத் தயாராக இருந்தார். வரதராஜுலு நாயுடுவும் அவரோடு நின்றவர்களும் ஏற்கவில்லை. விலக்கு இரண்டு பேருக்கு மட்டும்தானே என்பது ஒரு தரப்பின் வாதம். இரண்டு பேருக்கானாலும் விலக்கு விலக்குதானே என்பது மறுதரப்பின் வாதம்.

1925 ஏப்ரல் இறுதியில் திருச்சியில் கூடிய தமிழ்நாட்டுக் காங்கிரசு கமிட்டியில் எஸ். இராமநாதன் ஒரு தீர்மானம் கொண்டுவந்தார். தேசிய இயக்கத்தில் பங்குகொள்ளும் எந்த அமைப்பும் பிறப்பை அடிப்படையாகக் கொண்ட உயர்வு தாழ்வைக் கடைப்பிடிக்கக் கூடாது என்பது அதன் கருத்து. ஆதரவாக 19 வாக்குகளும் எதிராக 7 வாக்குகளும் விழுந்தன. இராஜாஜி உள்ளிட்ட சிலர் கமிட்டியிலிருந்து விலகினர். ஐயரும் குருகுலப் பொறுப்பிலிருந்து விலகினார்.

அதன்பின் சில வாரங்களே அவர் உயிரோடு இருந்தார். 1925 ஜூன் தொடக்கத்தில் குருகுல மாணவர்களோடு பாபநாசம் அருவிப் பகுதிக்குச் சென்றிருந்தபோது, அவருடைய மகள் சுபத்திரா நீரில் விழுந்தாள். மகளைக் காப்பாற்றக் குதித்த ஐயர் அவளோடு தாமும் மறைந்தார். அப்போது அவருக்கு வயது 44. இந்தச் சோகம் பூசலைப் பற்றிய பேச்சை ஒருவகையில் அடக்கிவிட்டது. இறந்தவரைக் குறை சொல்ல அவருடைய எதிர்ப்பாளர்களுக்கும் மனம் வரவில்லை; ஆதரவாளர்கள் அவருடைய தியாகத்தைப் பேசினரே தவிர, பந்தியைப் பற்றிப் பேசவில்லை. எனவே குருகுலத்தில் நடந்தது ஆசிரியப் பொறுப்பின் கோணத்தில் நெடுங்காலம் ஆராயப்படாமலே போனது. அதே ஆண்டு நவம்பரில் காஞ்சிபுரம் மாநாட்டில் வகுப்புவாரிப் பிரதிநிதித்துவத் தீர்மானம் மறுக்கப்பட்டதும் பெரியார் காங்கிரசை விட்டு வெளியேறினார்.

பழைய குருகுலங்களில் பந்தி

தனிப்பந்தி என்பது ஐயர் புதிதாகக் கண்டுபிடித்தது அன்று. பத்தொன்பதாம் நூற்றாண்டின் தலைசிறந்த தமிழாசிரியரான மகாவித்துவான் மீனாட்சிசுந்தரம் பிள்ளை (1815–1876) சைவ வேளாளர். அவரிடம் படித்தவர்களுள் பிராமணரான உ. வே. சாமிநாதையர், கிறித்தவரான சவேரிநாத பிள்ளை, நாகூரைச் சேர்ந்த இசுலாமியப் புலவர் குலாம் காதிறு நாவலர் ஆகியோர் உண்டு. ஆசிரியரே பிராமணர் அல்லாதவர். மாணவர்களோ பல சமயத்தவர், பல சாதியினர். இன்றைய வகுப்பறைகள் பலவற்றில் கூடக் காண அரிதான பன்மை அது. ஆனால் உணவு மட்டும் வேறு. சாமிநாதையர் எங்கே உண்டார், யார் வீட்டில் அதற்கு ஏற்பாடு செய்யப்பட்டது என்பதை ‘என் சரித்திரம்’ நூலில் விரிவாகவே காணலாம். ஆசிரியர்மீது உயிரையே வைத்திருந்த மாணவர், ஆசிரியர் வீட்டில் உண்ணவில்லை. அதை இருவரும் குறையாக எண்ணவுமில்லை.

அப்படியானால் 1870களில் இயல்பாகத் தோன்றிய ஒன்று 1925இல் ஏன் பெருங்குற்றமாயிற்று? காலம் மாறியது என்று சொல்லிக் கடந்துவிடலாம். ஆனால் மாறியவை எவை என்று பிரித்துப் பார்ப்பதே பயன் தரும். மீனாட்சிசுந்தரம் பிள்ளையின் மாணவர்கள் ஆளுக்கொரு வழியில் உணவு தேடிக்கொண்டனர். பொதுச் சமையற்கட்டு என ஒன்று அங்கு இல்லை. சேரன்மாதேவியில் பள்ளியே சமைத்தது, பள்ளியே பரிமாறியது, பள்ளியே பிரித்தது. முன்னது ஊரில் நிலவிய வழக்கம். பின்னது நிறுவனம் எடுத்த முடிவு. அடுத்து, மகாவித்துவான் எல்லோரும் சமம் என்று எவரிடமும் அறிவித்துப் பணம் திரட்டவில்லை. குருகுலமோ தேசியத்தின் பெயரால் எல்லாச் சாதியாரிடமும் நன்கொடை பெற்றது. எல்லாவற்றுக்கும் மேலாக, சேரன்மாதேவியில் இருந்தவர்கள் சிறுவர்கள். இருபது வயது இளைஞன் வேறிடத்தில் உண்பது ஒன்று. தோழன் ஏன் உள்ளே அமர்ந்து உண்கிறான், தான் ஏன் அவனோடு அமர முடியாது என்று ஒரு சிறுவன் நாள்தோறும் இருவேளையும் பார்ப்பது வேறு. பாடநூலில் எழுதப்படாத அந்தப் பாடத்தை எந்த ஆசிரியராலும் கரும்பலகையில் அழித்துவிட முடியாது.

நல்லாசிரியர் என்பது போதுமா

ஐயரை நெருங்கி அறிந்தவர்கள் அவரைச் சாதிவெறி கொண்டவராகக் காட்டியதில்லை. இதுவே இவ்வழக்கைக் கடினமாக்குகிறது; படிப்பதற்கு உகந்ததாகவும் ஆக்குகிறது. கெட்ட ஆசிரியர் செய்த கெட்ட செயல் என்றால் அதிலிருந்து கற்க அதிகம் இல்லை.

தமிழ் மரபு ஆசிரிய அறத்தைப் பெரும்பாலும் ஆளின் குணமாகவே பார்த்து வந்திருக்கிறது. பதின்மூன்றாம் நூற்றாண்டில் பவணந்தி முனிவர் இயற்றிய நன்னூலின் பொதுப்பாயிரம் இதற்குச் சிறந்த சான்று. நல்லாசிரியருக்கு நிலம், மலை, துலாக்கோல், மலர் ஆகியவற்றை அது உவமையாகக் கூறுகிறது. ஆசிரியராகத் தகாதவர்களுக்கும் நான்கு உவமைகள் உண்டு. போட்ட வரிசையில் அல்லாமல் கழற்காய்களை ஒன்றாகக் கொட்டும் குடம், எவரையும் ஏறவிடாத மடல் பனை, சிறிது சிறிதாகவே வாங்கிச் சிறிது சிறிதாகவே தரும் பஞ்சடைத்த குண்டிகை, நீர் ஊற்றியவனை விட்டு அடுத்தவன் தோட்டத்தில் காய் தரும் வளைந்த தென்னை என்பன அவை. கேட்போர் அஞ்சும்படி பேசுவதும் ஆசிரியருக்கு ஆகாத குணங்களுள் ஒன்றாகச் சொல்லப்படுகிறது. எண்ணூறு ஆண்டுகளுக்கு முந்தைய பட்டியலில் இது இருப்பது வியப்புக்குரியது. திண்ணைப் பள்ளிகளில் பிள்ளைகளைக் கோதண்டத்தில் தொங்கவிட்ட உபாத்தியாயர்களுள் பலரும் நன்னூலைப் படித்தவர்களாகவே இருந்திருப்பார்கள்.

அதே பாயிரம் நல்லாசிரியரின் தகுதிகளைச் சொல்லத் தொடங்கும்போது முதலில் வைக்கும் சொல் ‘குலன்’ என்பதாகும். அதற்கு உயர்குடிப் பிறப்பு என்று உரையாசிரியர்கள் பொருள் கொண்டனர். அருள், தெளிவு, சொல்வன்மை எல்லாம் அதன் பின்னரே வருகின்றன. மாணவனுக்கு நடுவுநிலை தவறாமல் பாடம் சொல்ல வேண்டும் என்று கூறும் நூலே, ஆசிரியரைப் பிறப்பிலிருந்து எண்ணத் தொடங்குகிறது. குணங்களின் பட்டியல் எவ்வளவு உயர்ந்ததாயினும், அதை எழுதிய காலத்தின் எல்லைகளும் அதற்குள் வந்து அமர்ந்துவிடும்.

ஐயரிடம் அந்தப் பட்டியலின் பெரும்பாலான குணங்கள் இருந்தன. இல்லாதது வேறொன்று: தாம் தனியாக ஒரு பெற்றோருக்குக் கொடுக்கும் வாக்கு, மற்றப் பெற்றோர் அனைவருக்கும் கொடுத்த வாக்கை மீறுகிறதா என்று சோதிக்கும் அமைப்பு. நிபந்தனையை ஏற்கும்போது அவர் யாரையும் கேட்க வேண்டியிருக்கவில்லை. கேட்கக்கூடிய இடத்தில் எவரும் இல்லை. சொன்ன சொல்லைக் காப்பது தனிமனித ஒழுக்கத்தில் உயர்ந்தது. ஆனால் ஓர் ஆசிரியர் கொடுக்கும் வாக்கின் விலையை அவருடைய மாணவர்கள் செலுத்த நேரும்போது, அதைக் கொடுக்கும் உரிமை அவருக்கு முதலில் இருந்ததா என்றே கேட்க வேண்டும். காந்தியடிகளின் நடுவழி இந்தக் கேள்வியைத் தொடவில்லை. அது வாக்குக் கொடுத்தவரின் மனச்சான்றைப் பார்த்தது. தனிப்பந்திக்கு வெளியே அமர்ந்திருந்த பிள்ளைகளின் பக்கம் திரும்பவில்லை. மறுபுறம், அந்தப் பிள்ளைகளின் சொந்தச் சொற்கள் எதிர்த்தவர்களின் பேச்சுகளிலும் அதிகம் இடம்பெறவில்லை. பூசல் முழுவதும் பெரியவர்களின் குரலில்தான் நடந்தது.

அதே காலத்து வேறு இரு சமையற்கூடங்கள்

இதே சிக்கலைச் சந்தித்த மற்றொருவர் ஆர். எஸ். சுப்புலட்சுமி (1886–1969). குழந்தை விதவையான இவர் 1911இல் பட்டம் பெற்று, 1912இல் சென்னையில் இளம் பிராமண விதவைகளுக்கான இல்லத்தைத் தொடங்கினார். பின்னர் அது திருவல்லிக்கேணிக் கடற்கரையில் உள்ள ஐஸ் ஹவுஸ் கட்டடத்தில் அரசு விடுதியாக நடந்தது. பெண் பள்ளிகளுக்கு ஆசிரியைகள் கிடைக்காத காலம் அது. வீட்டு மூலையில் முடங்கியிருந்த பெண்களைப் படிக்க வைத்து ஆசிரியைகள் ஆக்கினால் இரண்டு குறைகளும் ஒருசேரத் தீரும் என்பது திட்டம். ஆனால் ஆசாரம் பிசகாத சமையற்கட்டு இல்லாவிட்டால் எந்தத் தந்தையும் மகளை அனுப்ப மாட்டார். ஆகவே விடுதி பிராமணப் பெண்களுக்கு மட்டும் என்று அமைந்தது. அதற்காக அன்றே கண்டனமும் எழுந்தது. 1922இல் தொடங்கிய லேடி வெலிங்டன் பயிற்சிக் கல்லூரியின் முதல்வரான அவர், பிற சாதிப் பெண்களுக்கும் இடமளிக்கும் சாரதா வித்தியாலயத்தை 1927இல் தொடங்கினார்.

இருவரும் செய்தது ஒரே வகைச் சமரசம் என்று சொல்லத் தோன்றும். ஒரு வேறுபாடு உண்டு. சுப்புலட்சுமியின் விதி சிலரை வாயிலுக்கு வெளியே நிறுத்தியது. அந்த அநீதிக்குப் பின்னர் வேறொரு கதவைத் திறக்க முடிந்தது. ஐயரின் விதி எல்லோரையும் உள்ளே அழைத்துவிட்டு, உள்ளே தரம் பிரித்தது.

சென்னை மாநகராட்சி இதற்கு நேர்மாறான ஒன்றைச் செய்துகொண்டிருந்தது. பி. தியாகராய செட்டியார் தலைவராக இருந்தபோது, 1920இல் ஆயிரம் விளக்குப் பகுதி மாநகராட்சிப் பள்ளியில் ஏழைப் பிள்ளைகளுக்கு மதிய உணவு தரும் திட்டம் தொடங்கப்பட்டது. பிள்ளைகள் பள்ளிக்கு வருவதற்கு உணவே வழி என்று அது கருதியது. அரசு செலவை அனுமதிக்காததால் 1925இல் அது நின்றுபோனது. காமராசர் ஆட்சியில் 1956இல் மதிய உணவுத் திட்டம் மாநிலம் தழுவி வந்தது, 1982இல் எம். ஜி. ஆர். ஆட்சியில் சத்துணவுத் திட்டமாக விரிந்தது. ஒரே சமையல், ஒரே வரிசை என்பது அவ்வாறு இலட்சக்கணக்கான பிள்ளைகளின் அன்றாடப் பழக்கமாயிற்று. தீர்மானங்களால் ஆகாததைச் சாம்பார் வாளி ஓரளவு செய்து முடித்தது என்றால் மிகையாகாது.

விதியாக மாறிய பந்தி

1950இல் நடைமுறைக்கு வந்த அரசியலமைப்புச் சட்டம் தீண்டாமையை 17ஆம் பிரிவால் ஒழித்தது. அரசு நிதி பெறும் கல்வி நிலையம் சாதி, சமயம், இனம், மொழி ஆகியவற்றை மட்டும் காரணம் காட்டி எவருக்கும் இடம் மறுக்கக் கூடாது என்று 29(2) பிரிவு கூறியது. பொதுப்பணம் வாங்கினால் பொது அறத்துக்குக் கட்டுப்பட வேண்டும் என்று திருச்சியில் பேசப்பட்ட கருத்து இவ்வாறு நாட்டின் சட்டமாயிற்று. எனினும் இடம் மறுக்காமல் உள்ளே பிரிக்கும் சேரன்மாதேவி வகை வேறுபாட்டுக்கு இந்தப் பிரிவு மட்டும் விடை ஆகாது.

அதற்கான விடை வர மேலும் அறுபது ஆண்டுகள் ஆயின. 2009ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டத்தின்கீழ் மத்திய அரசு 2010இல் வெளியிட்ட விதிகள், நலிந்த பிரிவுகளைச் சேர்ந்த குழந்தைகளை வகுப்பறையிலும், மதிய உணவின்போதும், விளையாட்டுத் திடலிலும், பொதுக் குடிநீர், கழிப்பறை ஆகியவற்றின் பயன்பாட்டிலும் பிரித்து வைக்கவோ வேறுபடுத்தவோ கூடாது என்கின்றன. உணவும் குடிநீரும் பெயர் சொல்லிக் குறிப்பிடப்பட்டிருப்பதைக் குருகுலத்தின் கதை தெரிந்தவர்கள் கவனிக்காமல் இருக்க முடியாது. அதே சட்டத்தின் 21ஆம் பிரிவு, தனியார் உதவி பெறாப் பள்ளிகள் தவிர்த்த பள்ளிகளில் மேலாண்மைக் குழு அமைக்கச் சொல்கிறது. அதன் உறுப்பினர்களில் நான்கில் மூன்று பங்கினர் பெற்றோராகவும், பாதிப் பேர் பெண்களாகவும், நலிந்த பிரிவுகளின் பெற்றோருக்கு உரிய விகிதத்தில் இடம் உள்ளதாகவும் இருக்க வேண்டும். இரண்டு பெற்றோர் தலைமை ஆசிரியரிடம் தனியே பேசி ஒரு நிபந்தனை பெற்றுவிடுவதை இது எளிதில் நடக்க விடாது. குழு கூடினால்தான் அது. கையெழுத்துக்காக மட்டும் கூடும் குழுவால் பயன் இல்லை.

விதி வந்தபின்னும் பூசல் தட்டை விட்டு நகரவில்லை. சத்துணவு சமைப்பவர் பட்டியல் சாதியினர் என்பதற்காகப் பெற்றோர் பிள்ளைகளை உண்ண விடாத நிகழ்வுகள் தமிழகத்தில் பலமுறை செய்தியாகியுள்ளன. 2018இல் திருப்பூர் மாவட்டத்தில் அப்படி ஒரு சமையலர் பெற்றோரின் எதிர்ப்புக்குப் பணிந்து இடமாற்றம் செய்யப்பட்டார். அந்த முடிவை எதிர்த்துப் போராட்டம் எழுந்ததும் பழைய பள்ளிக்கே திரும்ப அனுப்பப்பட்டார். சேரன்மாதேவியில் எடுக்கப்பட்டதைப் போன்ற முடிவை இங்கே எடுத்தது ஓர் அரசு அலுவலகம். ஊரில் சச்சரவு வேண்டாம் என்ற நல்லெண்ணம் அங்கும் காரணமாகச் சொல்லப்பட்டிருக்கலாம்.

2023 ஆகஸ்டில் நெல்லை மாவட்டம் நாங்குநேரியில் பட்டியல் சாதியைச் சேர்ந்த பள்ளி மாணவர் ஒருவரும் அவருடைய தங்கையும் வீடு புகுந்து வெட்டப்பட்டனர். வெட்டியவர்கள் உடன் படித்த மாணவர்கள். தமக்கு நேர்ந்த துன்புறுத்தலை அம்மாணவர் பள்ளியில் சொன்ன பின் இது நடந்தது. இதையடுத்து, பள்ளி கல்லூரி மாணவரிடையே சாதி வேறுபாட்டைக் களைய வழி கூறுமாறு ஓய்வுபெற்ற நீதிபதி கே. சந்துரு தலைமையில் ஒரு நபர் குழுவை அரசு அமைத்தது. 2024 ஜூனில் அளிக்கப்பட்ட அதன் அறிக்கை, பள்ளிகளின் பெயர்களிலிருந்து சாதிப் பெயரை நீக்குதல், ஆசிரியர்களுக்கு நடத்தை விதிகள் வகுத்தல், மாணவர்களைச் சாதி சுட்டி அழைப்பதைத் தடுத்தல், ஒரு வட்டாரத்தில் ஆதிக்கம் உள்ள சாதியைச் சேர்ந்தவர்களை அங்கேயே தலைமை ஆசிரியர், கல்வி அலுவலர் பணிகளில் அமர்த்தாதிருத்தல் முதலியவற்றைப் பரிந்துரைத்தது. இவற்றுள் கடைசிப் பரிந்துரைக்கு ஆசிரியர்களிடமிருந்தும் அரசியல் கட்சிகளிடமிருந்தும் எதிர்ப்பு வந்தது. நாங்குநேரியும் சேரன்மாதேவியும் இன்றும் ஒரே மாவட்டத்தில் உள்ளன.